வார்டு வாசலில் இருந்த பலகை

அன்புள்ள தம்பி,

ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்து நீ எடுத்து அனுப்பிய போட்டோ மங்கலாக இருக்கிறது. பிரேம் கண்ணாடியில் ட்யூப் லைட் வெளிச்சம் விழுந்து பாதி வரிகள் மறைந்துவிட்டன. எனக்கு அது தடையில்லை. நான் எழுதிய கட்டுரை. கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். ‘வீட்டை மறந்த வெள்ளுடைத் தேவதைகள்’ என்று தலைப்பு. கீழே மூன்று பத்தி அகலத்துக்கு ஒரு நர்ஸின் முகம், மூக்கிலும் கன்னத்திலும் முகக்கவசம் அழுத்திய சிவந்த தடம். அதற்கும் கீழே என் பெயர். போட்டோவோடு நீ எழுதியிருந்தாய்: “அப்பா, ஒரிஜினல் பேப்பர் வீட்ல இருக்கா? அடுத்த பெருந்தொற்று வந்தா ஆஸ்பத்திரி எப்படித் தாக்குப்பிடிக்கணும்னு என்னைத் திட்டம் எழுதச் சொல்லியிருக்காங்க. முதல் பக்கத்துல இத ஸ்கேன் பண்ணிப் போடப் போறேன். வெள்ளிக்கிழமை புதுச்சேரிக்கு அனுப்பணும்.” துணைக் கண்காணிப்பாளராக நீ சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. முதன்முதலாகப் பெரிய வேலை ஒன்றை உன்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதன் முகப்பில் அப்பா எழுதியதை வைக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. வேறொரு அப்பாவாக இருந்தால் இந்நேரம் நம் ஊர் தலத்தெரு முழுக்கச் சொல்லி முடித்திருப்பார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஒரிஜினல் பீரோவில் இருக்கிறது. தர மாட்டேன். நீ கூடவே அனுப்பியிருந்த திட்ட வரைவை இரண்டு முறை படித்தேன். ஆறாவது பக்கத்தில் இரண்டு வரிகள். ‘கடந்த முறை போலவே பணியாளர்கள் தாமாக முன்வந்து வளாகத்திலேயே தங்கிப் பணியாற்றுவர்.’ ‘தொற்று வார்டில் ஒரு சுற்று எட்டு மணி நேரம், இடைவெளி இன்றி.’ இரண்டுக்கும் ஆதாரம் என்று அடிக்குறிப்பில் என் கட்டுரை. வெள்ளிக்கிழமை அது போய்ச் சேர்ந்து மேலே கையெழுத்தாகிவிட்டால், அடுத்த முறை அது உத்தரவு. உன் நர்ஸுகள் அந்த இரண்டு வரிகளின்படி நிற்பார்கள், விழுவார்கள். இரண்டுமே பொய், தம்பி. முதல் பொய் நம் வீட்டில் நடந்தது. இரண்டாவதை என் பேனா செய்தது. உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஊருக்கே அச்சடித்துக் கொடுத்த பொய்யை மகனிடம் மட்டும் காதோடு காதாகத் திருத்திக்கொள்வது அருவருப்பாக இருந்தது. அதனால் பத்திரிகையில் இடம் கேட்டு வாங்கி, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் இருப்பவர் குணவதி சிஸ்டர். நீ அப்போது மங்களூரில் மேற்படிப்பில் இருந்தாய்; விடுமுறைக்கு வந்தபோது மாடிப்படியில் ஓரிரு முறை பார்த்திருப்பாய். சொந்த ஊர் பாகூர். உன் மருத்துவமனையின் தலைமையிடம் புதுச்சேரியில் இருப்பதால் அங்கிருந்து காரைக்கால் கிளைக்கு மாற்றிப் போட்டிருந்தார்கள். கணவரும் பள்ளிக்கூடம் போகும் மகளும் பாகூரில். நம் மாடி அறையில் வாடகைக்கு இருந்தார், சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து ஊருக்குப் போவார். பெருந்தொற்றின் முதல் வருஷம் எல்லாம் அடைக்கப்பட்டபோது அந்த பஸ் நின்றது. உனக்கு நான் பூகோளம் சொல்ல வேண்டியதில்லை. காரைக்காலில் இருக்கும் நாமும் புதுச்சேரி மாநிலம்தான், பாகூரும் புதுச்சேரிதான், ஆனால் நடுவில் முழுசாகத் தமிழ்நாடு கிடக்கிறது. எல்லையில் பூவத்துச் சோதனைச் சாவடியை மூடிவிட்டால் தன் மாநிலத்திலிருந்து தன் மாநிலத்துக்கே போக முடியாது. ஆக அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே கூரை நம் வீட்டு மாடி.

தொற்று வார்டில் அவருக்கு வேலை போட்ட அன்று மத்தியானம் உன் அம்மாவும் நானும் கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். உன் அம்மாவுக்குச் சர்க்கரை. எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. தெருவில் நெருக்கினார்கள் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். தெருவில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்வீட்டு ஹாஜியார் தன் வீட்டு மாடியையும் வேண்டுமானால் நர்ஸுகளுக்குத் திறந்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். முடிவு எங்களுடையது. நான்தான் போன் செய்தேன். “கொஞ்ச நாளைக்கு அங்கேயே இருந்துக்குங்க சிஸ்டர், உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்” என்றேன். அந்தக் கடைசி மூன்று சொற்களுக்காக என்னை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அவர் சொன்னார்: “சரிங்க சார். மாடியில துணி காயுது. அத மட்டும் எடுத்து உள்ள வச்சிடுங்க.”

எடுத்து வைக்கவில்லை. தொடப் பயம். இரண்டு யூனிஃபார்ம், ஒரு புடவை, பாகூரில் இருந்த மகளுக்காகக் கையால் தைத்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பாவாடை. ஒரு மாதத்துக்கு மேல் அவை வெயிலில் கிடந்தன. பாவாடையின் சிவப்பு ஒரு பக்கம் வெளுத்து, காக்கை எச்சம் படிந்து, விறைத்துப் போயிற்று. நர்ஸுகளுக்கு நன்றி சொல்ல நம் தெருவில் மறுபடி ஒரு நாள் தட்டைத் தட்டியபோது நாங்களும் மாடிக்குப் போய்த் தட்டினோம். உன் அம்மா எவர்சில்வர் தாம்பாளம், நான் கரண்டி. அந்தத் துணிகளுக்குக் கீழே நின்று, அந்தத் துணிக்காரிக்காகத் தட்டினோம், தம்பி. ஹாஜியார் வீட்டு மாடியிலிருந்து அவருடைய மருமகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் தட்டு இல்லை. பிறகு ஒருநாள் ஒட்டடைக் கம்பால் துணிகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளி, கொல்லையில் போட்டுக் கொளுத்தினோம். கிளிப்புகள் கயிற்றிலேயே இருந்தன. குணவதி சிஸ்டரிடம் காற்றில் பறந்துவிட்டதாகச் சொன்னேன்.

இதற்குப் பிறகுதான் அந்தக் கட்டுரை. ஆசிரியர் போனில் கூப்பிட்டு, மருத்துவமனை எப்படிச் சமாளிக்கிறது என்று ஊக்கம் தருகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார். போனேன். வெளிக்கூடத்தில் இரண்டு ஆள் தள்ளி நின்று பேட்டி எடுத்தேன். குணவதி சிஸ்டர் அப்போது பழைய எக்ஸ்ரே பிலிம் வைக்கும் அறையில் வேறு இரண்டு நர்ஸுகளோடு தரையில் படுத்து வந்தார். ‘வீட்டுக்குப் போகாமலே இருக்கிறீர்களாமே’ என்று நான் கேட்டேன். நான் கேட்டேன்! அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஆமாங்க சார், போகல” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை வைத்துக்கொண்டு ‘கடமைக்காக வீட்டையே மறந்தார்’ என்று எழுதினேன். போட்டோ எடுக்கும்போது முகத்தில் தடம் அவ்வளவாகத் தெரியவில்லை. “கவசத்த இன்னொரு தடவை நல்லா அழுத்திப் போட்டு எடுங்க சிஸ்டர்” என்றேன். அவர் போட்டு, அழுத்தி, ஒரு நிமிஷம் வைத்திருந்து எடுத்தார். அந்தச் சிவப்புதான் நீ முதல் பக்கத்தில் போட இருப்பது.

இனி இரண்டாவது பொய். உன் திட்டத்துக்கு இதுதான் முக்கியம், கவனமாகப் படி. அன்று வார்டு வாசலில் ஒரு கரும்பலகையைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பையன்களின் சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரியது. சாக்பீஸால் பெயர்கள், பக்கத்தில் உள்ளே போன நேரம், அதற்குப் பக்கத்தில் வெளியே வர வேண்டிய நேரம். மூன்று மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் இல்லை. பலகைக்குக் கீழே ஸ்டூலில் மரகதம் என்கிற ஆயாம்மா. மீனவர் ஊரான கோட்டுச்சேரிமேட்டுக்காரர், ஒப்பந்தத்தில் துப்புரவு வேலைக்கு வந்தவர். நேரம் ஆனதும் குப்பை எடுக்கும் இடுக்கியால் கதவுக் கண்ணாடியை மூன்று தட்டு தட்டுவார். தட்டினால் வெளியே வந்துவிட வேண்டும். வந்தவருக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் ஒரு செம்பு, கழிப்பறை, அரைமணி நேரம் மின்விசிறிக்குக் கீழே. நான் நின்றபோதே ஒரு இளம் டாக்டர் உள்ளிருந்து கையை ஆட்டி, வர மாட்டேன் என்றார். மரகதம் இடுக்கியை விடவில்லை.

“டாக்டரே, ஒங்க நேரம் முடிஞ்சிது, வெளியில வாங்க.”

உள்ளிருந்து ஏதோ சொன்னார்.

“ஒரு கேசு இருக்குதுங்களா? நாளைக்கும் இருக்கும். நீங்க இருக்கணும்ல? வாங்க, இல்லாட்டி சிஸ்டர உள்ள வுட மாட்டேன்.”

டாக்டர் வந்தார். முனகிக்கொண்டே செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அன்று அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். இந்த முறையை நர்ஸுகளே கூடிப் பேசி வைத்துக்கொண்டதாகவும், தட்டுகிற அதிகாரத்தை வார்டுக்குள் வேலை இல்லாத ஒருவரிடம் கொடுத்தால்தான் சரிவரும் என்று மரகதத்தை உட்கார வைத்ததாகவும் குணவதி சிஸ்டர் சொன்னார். உள்ளே இருப்பவருக்குத் தான் களைத்துவிட்டது தெரியாது, அதை வெளியே இருந்து பார்ப்பவர்தான் சொல்ல முடியும் என்றார். ஏன் மரகதம் என்று கேட்டேன். மரகதமே பதில் சொன்னார்: “கடலுக்குப் போன ஆள கரையில நின்னு எண்ணுறவங்க நாங்க. உள்ள போனவங்க வெளிய வந்துட்டாங்களான்னு பாக்குறது எங்களுக்குப் புதுசா?” நான் கிளம்பும்போது கேட்டார், “எங்க போர்டப் பத்தி எழுதுவீங்கள்ல சார்?” “கண்டிப்பா” என்றேன். என் குறிப்பேட்டில் இதெல்லாம் அப்படியே இருக்கிறது.

எழுத உட்கார்ந்தபோது அது இடைஞ்சலாக இருந்தது. மூன்று மணிக்கொரு தரம் வெளியே வந்து தண்ணீர் குடித்து மின்விசிறியில் உட்காருகிற தேவதையை யார் கும்பிடுவார்கள்? பலகையை விட்டுவிட்டேன். மரகதத்தை விட்டுவிட்டேன். ‘எட்டு மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அருந்தாமல்’ என்று எழுதினேன். படித்தவர்கள் அழுதார்கள். எனக்கு வந்த போன்களை எண்ணிப் பெருமைப்பட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் செய்தி எழுதியவன் நான். ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தால் அதில் போனவர்களின் பெயரைத் தகப்பன் பெயரோடு சரிபார்க்காமல் அனுப்பியது கிடையாது. கேட்டதை விட்டுவிட்டு, கேட்காததை எழுதியது அந்த ஒருமுறைதான் என்று சொல்லிக்கொள்வேன். அந்த ஒருமுறை போதுமானதாக இருந்தது.

பேப்பர் வந்த இரண்டாம் நாள் புதுச்சேரியிலிருந்து நிர்வாகத்தில் ஒருவர் போன் செய்தாராம். எட்டு மணி நேரமும் உள்ளேயே நிற்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்திருக்கிறது, பாராட்டு குவிகிறது. உண்மையில் மூன்று மணிக்கொரு தரம் ஆள் மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு கவச உடையைக் கழற்றிக் குப்பையில் போடுகிறீர்களா என்று கேட்டாராம். அன்று சாயங்காலமே பலகை போய்விட்டது. பலகை எங்கே என்று மரகதம் கேட்டார். ஒரு ஆயாம்மா டாக்டரை வெளியே போகச் சொல்வதா என்று திருப்பிக் கேட்டார்கள். மறுநாள் ஒப்பந்தக்காரர் அவரை வர வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பிறகு எட்டு மணி நேரம் எட்டு மணி நேரமாகவே ஆயிற்று, நான் எழுதியபடியே. நர்ஸுகள் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். பெரியவர்களுக்கான நாப்கின் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருத்தி ஊசி போடப் போன இடத்தில் நோயாளியின் மேலேயே சரிந்தாள். சிலர் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். குணவதி சிஸ்டர் சிறுநீரகத்தில் கிருமி ஏறி, தான் வேலை பார்த்த கட்டடத்திலேயே படுத்தார். அந்த வார்டை நோய் உடைக்கவில்லை. பாராட்டு உடைத்தது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். போன வாரம் வரை பாதிதான் தெரியும். உன் போட்டோ வந்த மறுநாள் பஸ் ஏறி பாகூர் போனேன். குணவதி சிஸ்டர் இப்போது அங்கே ஒரு சின்ன கிளினிக்கில் இருக்கிறார். தலை நன்றாக நரைத்துவிட்டது. உட்காரச் சொல்லி, காபி கொடுத்தார். நான் சுற்றி வளைக்காமல் துணி விஷயத்தைச் சொன்னேன். பறக்கவில்லை, எரித்தோம் என்றேன். அவர் சிரித்தார்.

“சாமான் எடுக்க வந்தன்னிக்கே தெரியும் சார். கயித்துல கிளிப்பு அத்தனையும் அப்படியே இருந்துச்சு. காத்து வந்து கிளிப்ப வுட்டுட்டு துணிய மட்டும் கழட்டிட்டா போவும்?”

“அப்பவே கேட்டிருக்கலாமே” என்றேன்.

“என்னன்னு கேக்குறது? நீங்க பயந்தீங்க, அது எனக்குப் புரிஞ்சிது. ஊரே பயந்துச்சு. ஆனா ‘வீட்ட மறந்தவ’ன்னு போட்டீங்க பாருங்க, அதான். எம்பொண்ணு அந்தப் பேப்பர எடுத்துட்டு வந்து, ‘எங்கள மறந்துட்டியாம்மா’ன்னு கேட்டா. ஏழாங்கிளாஸ் புள்ள. பேப்பர்ல வந்தா நெசம்னு நினைக்கிற வயசு.”

உன் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். முதல் பக்கத்தில் அவர் படம் வரப்போகிறது என்றதும் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “என் படம் வேணாம். தங்குறதுக்கு இடத்த முன்கூட்டியே எழுதி வாங்கி வைக்கச் சொல்லுங்க, எந்தத் தெரு, எந்த வீடுன்னு. அப்புறம் அந்தப் போர்டப் போடச் சொல்லுங்க. மரகதம் அக்காவக் கேளுங்க, அவங்கதான் சரியாச் சொல்லுவாங்க.”

நேற்றுக் காலை கோட்டுச்சேரி மீன் கடைப் பக்கம் போனேன். மரகதம் இப்போது அங்கே தட்டு வைத்து மீன் விற்கிறார். என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க பேப்பர் சார். சங்கரா வேணுமா, சேதி வேணுமா? சேதின்னா தர மாட்டேன், நீங்க மாத்திப்புடுவீங்க.”

பக்கத்துத் தட்டுக்காரிகள் சிரித்தார்கள். நியாயமான சிரிப்பு. நின்று வாங்கிக்கொண்டேன். கூட்டம் குறைந்த பிறகு விஷயத்தைச் சொன்னேன். என் மகன்தான் இப்போது அங்கே திட்டம் எழுதுகிறான், என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே பேசினார்.

“பலகைல என்னா இருக்குது சார், அத யாரு வேணா எழுதலாம். தட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும். டாக்டரா இருந்தாலும் வெளிய வான்னு சொல்ற ஆளு. அப்படிச் சொன்னதுக்காக அவள வேலைய வுட்டு நிறுத்தக்கூடாதுன்னு எழுதி, பெரியவங்ககிட்டக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்க. அத எழுதாம வேற எத எழுதுனாலும் வீணுதான்.”

“அப்படி எழுதினா நீங்க திரும்பப் போவீங்களா?” என்றேன்.

“மொதல்ல ஒங்க மவன் போர்ட மாட்டட்டும். அப்பறம் ஆளு அனுப்பட்டும். பாக்குறேன்.”

தம்பி, உனக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்து ஒன்பது நாள் படுத்திருந்தாய். உன் அம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. நான் அதைப் பார்த்து, தாய் என்றால் இப்படித்தான் என்று உருகிக்கொண்டு சும்மா நின்றேன். ஐந்தாம் நாள் ஒரு நர்ஸ் வந்து அவளை எழுப்பி, “போயி ரெண்டு இட்லி சாப்ட்டு, தூங்கிட்டு வாங்க. புள்ளைய நான் பாத்துக்குறேன்” என்று விரட்டினார். இருவரில் யார் உன் அம்மாவுக்கு உதவினார்கள் என்று யோசித்துப் பார். அந்தக் கட்டுரை எழுதும்போது நான் யோசிக்கவில்லை. நீ நிர்வாகத்துக்கு வந்துவிட்டாய். அங்கே உருகுகிறவர்கள் நிறைய இருப்பார்கள். பொன்னாடை போர்த்துவார்கள், பூத் தூவுவார்கள், ஒரு நர்ஸ் மயங்கி விழுந்தால் அவள் தியாகத்தைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பேச்சு கேட்கும் இடத்திலெல்லாம் ஓர் அறையோ ஓர் ஆளோ ஒரு செம்புத் தண்ணீரோ குறைகிறது என்று புரிந்துகொள். என்னைப் போன்ற ஒருவன் பேனாவோடு வந்து நின்றால் அவனுக்கும் பலகையைக் காட்டு. அதை எழுதாமல் போனால் மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கேள். என்னை அப்போது யாரும் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். துணி வரும் இடத்தில் எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, “போடுங்க. ஆனா நான் சொல்லித்தான் செஞ்சோம்னு மட்டும் எழுதிடாதீங்க, நீங்களும்தான் சொன்னீங்க” என்றாள். உண்மை. இருவரும்தான். மாடி அறையை நேற்று இருவருமாகக் கழுவிவிட்டோம். தங்குமிடப் பட்டியலில் முதல் முகவரியாக நம் வீட்டை எழுதிக்கொள். நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நாளைக்கு எனக்கு மறுபடி பயம் வரும், அதனால் இப்போதே எழுதி வாங்கிக்கொள். இரண்டாவதாக எழுத ஹாஜியாரிடம் கேள். அவர் மறுக்க மாட்டார்.

கடைசியாக ஒன்று. குணவதி சிஸ்டர் வாசல்வரை வந்து வழியனுப்பும்போது சொன்னது இது. பலகையை எடுத்த மறுவாரம் என் கட்டுரையைக் கண்ணாடி போட்டு, அந்தப் பலகை தொங்கிய அதே ஆணியில் மாட்டினார்களாம். நீ போட்டோ எடுத்தது அதைத்தான். நாலு மாதமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் வார்டுக்குள் போகிறாய். நாளைக் காலை வேலைக்குப் போனதும் முதலில் அந்த பிரேமைக் கழற்று. ஆணியைப் பிடுங்கிவிடாதே.

அப்பா